மெட்ராய்ட் பிரைம் ரீமாஸ்டர்ட்: விண்வெளிக் கொள்ளைக்காரங்களுக்காகவே விளையாடலாம்

விண்வெளிக் கொள்ளைக்காரன்னாலே ஒத்தக் கண்ணுல கறுப்புத் துணி, இரும்புக் கை, கப்பலை மறிச்சு சரக்கைத் தூக்குறதுன்னு பழைய கடல் கொள்ளைக்காரனையே ராக்கெட்ல ஏத்தி விட்டுருப்பாங்க, பாத்துப் பாத்து சலிச்சுப் போச்சு. 2002ல வந்து 2023ல நிண்டெண்டோ ஸ்விட்ச் கன்சோலுக்கு புதுசா மெருகேத்தி விட்ட இந்த கேம்ல அப்படி இல்ல. இங்க கொள்ளைக்காரங்க ஒரு தனி வேற்றுக்கிரக இனம், லேப் வச்சிருக்காங்க, ஃபேசான்ங்கற விஷப் பொருளை வச்சு ஆராய்ச்சி பண்றாங்க, எல்லாத்தையும் குறிப்பு எழுதி வைக்கறாங்க. ஹெல்மெட் வழியா எதையும் ஸ்கேன் பண்ணிப் படிக்க வைக்கிற ஸ்கேன் வைசரை ஆன் பண்ணி அந்தக் கம்ப்யூட்டர்களைப் படிங்க, தயவுசெஞ்சு தாண்டிப் போயிடாதீங்க. நம்ம நாயகி சாமஸ் உருண்டையா சுருண்டு ஓடுறதை அவங்களும் காப்பியடிக்கப் பாத்து, சோதனைக்கு உள்ள போன ஆளுங்க உடம்பு முறுக்கி நொறுங்கிப் போனதா ஒரு குறிப்பு வரும் பாருங்க, எனக்கு அங்கயே கை நின்னு போச்சு.

பனிப்பிரதேச லேப்ல சூட்டை வச்சு இருட்டுல பாக்குற தெர்மல் வைசரை எடுத்ததும் மொத்த லைட்டும் அணைஞ்சு போய் இருட்டுக்குள்ள இருந்து கொள்ளைக்காரங்க பாய்வாங்க, ஹெட்போன் கண்டிப்பா போட்டுக்கோங்க. ரெண்டு ஸ்டிக் கன்ட்ரோல் இப்ப ரொம்ப வசதி. கடைசில பன்னெண்டு ஆர்ட்டிஃபாக்ட்டை (பழங்காலப் பொருளுங்க) தேடி வந்த வழியே திரும்பத் திரும்ப அலையறது மட்டும்தான் இழுவை. கதை புடிக்கும்னா யோசிக்காம வாங்குங்க.