சுவர் ஏறிக் குதித்தால்: போலீஸ் புகாரா, சிவில் வழக்கா?

அக்னி நட்சத்திர வெயிலில் வேலூர்க்காரர்களுக்கு நீச்சல் குளம் என்றாலே ஆசைதான். காட்பாடிப் பக்கம் பூட்டிக் கிடக்கும் தனியார் குளத்தில் ராத்திரி நாலு இளைஞர்கள் சுவர் ஏறிக் குதிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். உரிமையாளர் என்ன செய்யலாம்?

போலீஸில் புகார் கொடுத்தால், புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 329(3), அதாவது அத்துமீறி நுழைவதற்கான பிரிவு. 2024 ஜூலை 1-க்கு முன் இது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 447. சிறை 3 மாதம் வரை என்பது அப்படியே இருக்கிறது. அபராத உச்சவரம்புதான் 500 ரூபாயிலிருந்து 5,000 ஆகிவிட்டது. ஆனால் நுழைந்தது மட்டும் போதாது. குற்றம் செய்யவோ, இடத்தை வைத்திருப்பவரை மிரட்டவோ, அவமதிக்கவோ, தொல்லை கொடுக்கவோ எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். "சும்மா குளிக்கத்தான் சார் வந்தோம்" என்பது இங்கே ஒரு வாதம்தான். காவலாளி போகச் சொல்லியும் நகராமல் வம்பு செய்தால் அந்த வாதம் பலவீனமாகிவிடும். பொருள்கள் வைத்திருக்கும் அறைக்குள் புகுந்தால் 329(4). ஓராண்டு வரை சிறை.

சிவில் வழக்கில் அந்த எண்ணத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. அனுமதியில்லாமல் நுழைந்ததே தவறு. நஷ்ட ஈடும், இனி நுழையக் கூடாது என்ற தடையாணையும் கேட்கலாம். ஆனால் ஒரு குளியலுக்கு என்ன நஷ்டம் கணக்கிடுவது? சத்துவாச்சாரி நீதிமன்றத்துக்கு நடக்கும் செலவே அதைத் தாண்டிவிடும்.

ஒருநாள் கூத்துக்குப் புகாரே போதும். 329(3) ஜாமீன் கிடைக்கும் பிரிவு, சமரசமும் செய்துகொள்ளலாம். உங்கள் இடத்தைக் குறுக்கு வழியாக்கித் தினமும் நடப்பவர்களுக்குத்தான் தடையாணை.