பேரரசரா, சக்கரவர்த்தியா, பாதுஷாவா?

கீழக்கரையில இருக்கிற அக்கா மக போன்ல கேட்டா, "மாமா, அக்பரப் பத்திக் கட்டுரை எழுதணும், பேரரசர்னு போடவா சக்கரவர்த்தின்னு போடவா, ரெண்டும் ஒண்ணுதானே?" இல்லம்மா, ஒண்ணு இல்லன்னு ஆரம்பிச்சு அரைமணி நேரம் பேசிட்டேன்.

பேரரசர்ங்கிறது படிச்ச உடனே புரியுற சொல்லு, பல அரசர்களுக்கு மேல இருக்கிறவர், அவ்வளவுதான். அசோகருக்கும் போடலாம், ரோமாபுரி அகஸ்டசுக்கும் போடலாம். இன்னைக்கு உலகத்துல அந்தப் பட்டத்தோட இருக்கிறவர் ஜப்பான் நருஹிட்டோ ஒருத்தர்தான், அவரையும் நியூஸ்ல மன்னர்னே சொல்லிட்டுப் போயிடுறாங்க, அது தப்புன்னுதான் நான் சொல்வேன்.

சக்கரவர்த்தி கதை வேற. தடையில்லாம சக்கரம் உருளுற நிலமெல்லாம் என்னுதுன்னு சொல்ற பட்டம் அது. பிற்காலச் சோழர், பாண்டியர் கல்வெட்டுல திரிபுவனச் சக்கரவர்த்தின்னே வரும், மூணு உலகத்துக்குமாம்! ஆனா பட்டத்த வச்சு நாட்டோட அளவ எடை போட முடியாது. நம்ம கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்த ஆண்டவங்க ஆரியச் சக்கரவர்த்திகள், சின்ன ராஜ்ஜியம்தான், அவங்க காசுல 'சேது'ன்னு தமிழ்ல பொறிச்சிருக்கும். இந்தப் பக்கம் அதே சேதுவக் காத்த நம்ம ஆளுங்களுக்குப் பேரு சேதுபதி, போகலூர்ல இருந்த தலைநகர ராமநாதபுரத்துக்கு மாத்துன கிழவன் சேதுபதியே பதிதான், சக்கரவர்த்தி இல்ல. ஒரே சேது, ரெண்டு கரையில ரெண்டு பட்டம், எனக்கு இத நினைக்கிறப்பல்லாம் சிலிர்க்கும்.

வேந்தர்? சங்க காலத்துல சேர சோழ பாண்டியருக்கு உரிய சொல்லு, இப்ப யூனிவர்சிட்டி சான்சலருக்குப் போயிருச்சு, அத விட்டுரலாம்.

பாதுஷா பாரசீகச் சொல்லு, 1507-ல காபூல்ல பாபர் எடுத்துக்கிட்ட பட்டம், முகலாயர் வம்சம் முழுக்க அதத்தான் வச்சிருந்துச்சு. நம்ம கரையில இது புத்தகச் சொல்லே இல்ல, ஏர்வாடி தர்காவுக்குப் போற யாரக் கேட்டாலும் அங்க அடங்கியிருக்கிற மகான பாதுஷா நாயகம்னுதான் சொல்வாங்க, சந்தனக்கூடுக்கு வர்ற இந்து சனங்களும் அப்படித்தான். அந்த மரியாதை பேரரசர்ங்கிற சொல்லுல வராது.

அதனால அவகிட்ட சொன்னது இதுதான்: அவர் இருந்த இடத்தச் சொல்ல பேரரசர், அவரே வச்சுக்கிட்ட பட்டத்தச் சொல்ல பாதுஷா, அக்பருக்குச் சக்கரவர்த்தி வேணாம். கட்டுரையில முதல் வரியா "அக்பர் பாதுஷா, முகலாயப் பேரரசர்"னு எழுதி போட்டோ அனுப்பியிருக்கா.