கல்லடியில் உருக்கும் கொங்கிறீட்டும்: ஒரு கேற் கடைக்காரியின் பார்வை

ஆரையம்பதியில் கேற், கிறில் அடிக்கிற பட்டறை என்னுடையது. வருகிறவர்களில் பாதிப்பேர் இன்னும் "முதலாளியக் கூப்பிடு புள்ள" என்றுதான் தொடங்குவார்கள். அதனால், யாருக்கு அதிகாரம், யாருக்கு வேலை என்று ஆணையும் பெண்ணையும் வைத்துக் கல்லடியில் சிற்பக் காட்சி நடக்கிறது என்றதும், கடையைப் பொடியனிடம் விட்டுவிட்டுப் போனேன்.

பெரிய சிற்பம் ஒரு வாசல் நிலை. இரண்டு பக்கமும் கொங்கிறீட்டில் பெண்கள் தூணாக நிற்கிறார்கள். அவர்கள் தலைக்கு மேலே உருக்கில் ஒரு கதிரை. எங்கள் பகுதி ஆட்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. மட்டக்களப்பில் வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும், மாப்பிள்ளை அங்கு வந்து இருப்பார், குடி என்கிற வம்சமும் தாய்வழியில்தான். கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கர் மட்டும் ஆம்பிளை. வீட்டு உறுதிப் பத்திரத்தில் பெயர் ஒருவருக்கு, சபையில் வாய் இன்னொருவருக்கு. வெல்டிங்கும் நல்ல சுத்தம். கசடு தட்டி, கிறைண்டர் பிடித்து, மூட்டே தெரியாமல் முடித்திருக்கிறார்கள்.

அடுத்ததோடுதான் எனக்குச் சண்டை. ஆணென்று கம்பிகள் வெளியே விறைத்து நிற்க, பெண்ணென்று கொங்கிறீட் அடியில் நசிந்து கிடக்கிறது. கட்டட வேலை தெரிந்த ஒருவரைக் கேட்டிருக்கலாம். கொங்கிறீட் எவ்வளவு நசித்தாலும் தாங்கும், இழுத்தால் வெடித்துவிடும். அந்த இழுவையைத் தாங்கத்தான் பீமின் அடிப்பக்கம் கம்பி கட்டுகிறோம். பூசி முடிந்தபிறகு அதை யாரும் காணப்போவதில்லை. அந்தக் கம்பியையல்லவா பெண்ணாக்கியிருக்க வேண்டும்!

முற்றத்தில் கம்பி வைத்துக் கொங்கிறீட்டில் வார்த்த அம்மிக்கல் வரிசை. யோசனை பழசு, ஆனால் அந்த எடை மனதில் நிற்கிறது. கம்பிதான் மேற்பரப்போடு ஒட்டிக் கிடக்கிறது. இந்த உப்புக் காற்றுக்கு இரண்டு அங்குலமாவது மூடியிருக்க வேண்டும். கறள் பிடித்த இரும்பு ஊதி, உள்ளிருந்தே கொங்கிறீட்டைப் பிளக்கும். இப்போதே மெல்லிய வெடிப்புத் தெரிகிறது. "இது வேணுமெண்டு செய்ததா மகள்?" என்று பக்கத்தில் நின்ற மாணவியிடம் கேட்டேன். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, சிரித்தாள்.

நுழைவு இலவசம். விளக்க அட்டைகளின் தமிழ் பல்லுடைக்கும், விட்டுவிடலாம். பின்னேரம் போங்கள், மத்தியானத்தில் இரும்பில் கை வைக்க ஏலாது. அந்த வாசல் நிலையை ஏதாவதொரு கோயில் சபை வாங்கினால், கொண்டுபோய்ப் பூட்டிக்கொடுக்க நான் தயார். கூலி வேண்டாம்.