ஆர்.சி. மாடல்களுக்குக் கையடக்க சார்ஜர்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

உள்ளங்கையில் அடங்கும் ஒரு டிசி சார்ஜரைத்தான் சில வருடங்களாக ரிமோட்டில் இயங்கும் ஆர்.சி. கார், விமானம் இரண்டின் பேட்டரிகளுக்கும் பயன்படுத்துகிறேன். இதற்குள் பவர் சப்ளை கிடையாது. வெளியிலிருந்து 12 வோல்ட்டோ 24 வோல்ட்டோ நாம்தான் கொடுக்க வேண்டும். வாங்க நினைக்கும் நண்பர்கள் முதலில் கேட்பது, "எத்தனை ஆம்ப்ஸ் வரைக்கும் போகும்?" நான் திருப்பிக் கேட்பது, "மைதானத்தில் கரண்ட் எதிலிருந்து எடுப்பீர்கள்?"

பெட்டியில் 200 வாட் என்று போட்டிருப்பார்கள். கையேட்டைப் புரட்டினால் உள்ளீட்டு மின்னோட்டம் அதிகபட்சம் 10 ஆம்ப்ஸ் என்று ஒரு வரி இருக்கும். அந்த வரிதான் முக்கியம். 24 வோல்ட் கொடுத்தால் 200 வாட் கிடைக்கும். 12 வோல்ட் கார் பேட்டரியில் மாட்டினால் 120 வாட்தான் உள்ளே வரும், அதிலும் கொஞ்சம் சூடாகவே போய்விடும். 3எஸ் 2200 பேக்கை, அதாவது மூன்று செல் கொண்ட 2200 மில்லிஆம்ப்-மணி பேட்டரியை, 1சி வேகத்தில் (காலியிலிருந்து ஒரு மணி நேரத்தில் நிரப்பும் கரண்ட், இதற்கு 2.2 ஆம்ப்ஸ்) சார்ஜ் செய்ய 28 வாட் போதும், அதற்கு எந்த சார்ஜரும் சரி. ஆனால் 6எஸ் 5000 பேக் என்றால் 5 ஆம்ப்ஸ், முடிவில் 25.2 வோல்ட், ஆக 126 வாட். 12 வோல்ட்டில் ஓடும் என் சார்ஜர் அந்த இடத்துக்கு வரும்போது தானாகவே ஆம்ப்ஸைக் குறைத்துக்கொள்ளும். கெடுதல் ஒன்றுமில்லை, நேரம்தான் கூடும். உங்களிடம் இருக்கும் மிகப் பெரிய பேக்குக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இணைப்பு வயரையும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சார்ஜரோடு வரும் முதலை கிளிப் வயர் பெரும்பாலும் மெல்லியது. வயரிலும் கிளிப்பிலும் சேர்த்து வெறும் 0.1 ஓம் தடை இருந்தாலே 10 ஆம்ப்ஸ் ஓடும்போது 1 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும், 10 வாட் சூடு கிளம்பும். கிளிப்பைத் தொட்டால் சுடும். பேட்டரி நன்றாக இருக்கும்போதே "உள்ளீட்டு வோல்ட் குறைவு" என்று சார்ஜர் நின்றுபோவதற்குப் பல சமயம் இதுதான் காரணம். தடிமனான சிலிக்கான் வயரில் எக்ஸ்டி60 கனெக்டர் வைத்து நானே ஒன்று செய்துகொண்ட பிறகு அந்தத் தொல்லை இல்லை.

யூஎஸ்பி-சி உள்ளீடு உள்ள சார்ஜர்கள் இப்போது நிறைய வருகின்றன. சின்ன பேக்குகளுக்கு அருமையான வசதி. 20 வோல்ட், 3 ஆம்ப்ஸ் என்றால் 60 வாட். 100 வாட் வேண்டுமென்றால் 5 ஆம்ப்ஸ் தாங்கும் கேபிளும் வேண்டும். ஆனால் 100 வாட்-மணி பவர் பேங்க் ஒன்றிலிருந்து, இழப்பு போக, 3எஸ் 2200 பேக் மூன்றைத்தான் முழுதாக நிரப்பலாம். ஒரு மாலைப் பொழுதுக்குப் போதும், முழு நாளுக்குப் போதாது.

இவ்வளவு சிரமப்பட்டு எதற்கு மைதானத்தில் சார்ஜ் செய்ய வேண்டும், முந்தின இரவே வீட்டில் செய்துவிடலாமே என்று கேட்கலாம். லிப்போ (இந்த மாடல்களில் வரும் லித்தியம் பாலிமர் பேட்டரி) வைத்திருக்கும் ஒவ்வொருவரிடமும் நான் வலியுறுத்துவது இதைத்தான். செல்லுக்கு 4.2 வோல்ட் என்ற முழு நிலையில் நாள்கணக்கில் கிடந்தால் லிப்போ சீக்கிரம் கெடும், உப்பவும் செய்யும். இரவே எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு, காலையில் மழையோ காற்றோ வந்துவிட்டால், அத்தனையையும் மறுபடி இறக்கியாக வேண்டும். சின்ன சார்ஜர்களால் முடியாத வேலை அது. பலரும் தொடங்கும் ஐமேக்ஸ் பி6 சார்ஜரின் டிஸ்சார்ஜ் திறன் வெறும் 5 வாட். நிரம்பிய 4எஸ் 5000 பேக்கை ஸ்டோரேஜ் நிலைக்கு (சும்மா வைத்திருக்க ஏற்ற, செல்லுக்கு 3.85 வோல்ட் என்ற பாதி நிலை) இறக்க ஏறக்குறைய 40 வாட்-மணியைச் செலவழிக்க வேண்டும். எட்டு மணி நேரம், அதுவும் ஒரே ஒரு பேக்குக்கு!

அதனால் என் பேக்குகள் எல்லாம் எப்போதும் 3.85 வோல்ட்டில்தான் மைதானத்துக்கு வரும். ஒன்று பறந்துகொண்டிருக்கும்போது அடுத்தது ஏறும். பாதி நிரம்பிய பேக் என்பதால் 1சி-யில் முக்கால் மணிக்குள் பெரும்பாலும் தயாராகிவிடும். தேவைப்படாதது நிரம்பாமலே வீட்டுக்குத் திரும்பும். பறந்து இறங்கிய பேக்கை மட்டும் சூடு ஆறவிட்டு ஸ்டோரேஜுக்கு ஏற்றுவேன். பழைய பேக்குகள் இன்னும் உப்பாமல் இருப்பதற்கு இந்தப் பழக்கமே காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

அப்புறம் பேலன்ஸ், அதாவது பேக்கின் எல்லா செல்களையும் ஒரே வோல்ட்டுக்குக் கொண்டுவருவது. விளம்பரத்தில் இதைப் பெரிதாகப் போட மாட்டார்கள், ஆனால் சார்ஜின் கடைசிக் கட்டத்தில் திரையைப் பார்த்தால் தெரியும். 4.20, 4.20, 4.16 என்று நிற்கும். மூன்றாவது செல்லுக்காக மற்ற இரண்டும் காத்திருக்க வேண்டும். முந்திப்போன செல்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்டை வடித்துத்தான் சார்ஜர் இதைச் சமன் செய்கிறது. 5000 பேக்கில் செல்களுக்கிடையே 150 மில்லிஆம்ப்-மணி வித்தியாசம் இருந்தால், பேலன்ஸ் கரண்ட் 300 மில்லிஆம்ப்ஸ் உள்ள சார்ஜருக்கு அரை மணி நேரம் பிடிக்கும். 1 ஆம்ப் உள்ளது பத்து நிமிடத்துக்குள் முடித்துவிடும். எனவே இரண்டு சார்ஜர்களுக்கு நடுவே குழம்பினால், வாட் கொஞ்சம் குறைந்தாலும் பேலன்ஸ் கரண்ட் அதிகம் உள்ளதை எடுங்கள்.

அளவீடு சரியாக இருக்கிறதா என்பதை வாங்கிய அன்றே மல்டிமீட்டரால் சோதிப்பது நல்லது. நண்பர் ஒருவரின் சார்ஜர் ஒவ்வொரு செல்லையும் 0.03 வோல்ட் குறைவாகக் காட்டியது. 4.20 என்று அது நிறுத்தும்போது செல் உண்மையில் 4.23-இல் இருந்தது. நல்லவேளை, மெனுவில் கேலிபிரேஷன் இருந்தது, சரிசெய்துவிட்டோம். அந்த வசதி இல்லாத சார்ஜரை நான் வாங்க மாட்டேன்.

செல்லின் உள்தடையை (கரண்டுக்கு செல்லுக்குள்ளேயே இருக்கும் தடை) அளந்து காட்டும் வசதியும் பயனுள்ளது. மில்லிஓமில் வரும் எண் சார்ஜருக்குச் சார்ஜர் மாறும், அதனால் ஒரே சார்ஜரில், ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில் அளந்து குறித்துவைத்தால்தான் அர்த்தம். ஒரு செல்லின் எண் மட்டும் மற்றவற்றைவிட வேகமாக ஏறிக்கொண்டே போனால் அந்தப் பேக்கை விமானத்தில் போட மாட்டேன்.

தேய்ந்தது ஒன்றே ஒன்று, ஃபேன். புல்தரையில் வைத்தால் தூசியும் புல்துகளும் உறிஞ்சும், சத்தம் மாறும். இப்போது ஒரு தட்டையான ஓட்டின் மேல் வைக்கிறேன். சார்ஜாகும் பேக்கும் தீப்பிடிக்காத அந்த ஓட்டின் மேலேயே, சார்ஜரிலிருந்து வயர் எட்டும் தூரம் தள்ளி இருக்கும். சார்ஜ் ஓடும்போது காருக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போவதே இல்லை. கார் பேட்டரியிலிருந்து எடுப்பவர்கள் சார்ஜர் மெனுவில் உள்ளீட்டுக் கீழ்வரம்பை 11.5 வோல்ட்டுக்கு மேல் வைத்துவிடுங்கள், வீடு திரும்ப வண்டி ஸ்டார்ட் ஆக வேண்டும்.