மேசாவின் மேலிருந்து பார்ப்பதா, கீழிருந்தா? யூட்டா, அரிசோனாவில் இரண்டு கார் வழிகள்

லாஸ் வேகஸில் வாடகை கார் எடுத்து ஒரு வாரத்தில் தென்மேற்கு அமெரிக்காவின் செம்பாறை நாட்டைச் சுற்றிவர நினைப்பவர்களுக்கு முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. வடக்கு வழி ஜயன், பிரைஸ் கேன்யன், நெடுஞ்சாலை 12, கேபிட்டல் ரீஃப், மோவாப் என்று போகும். தெற்கு வழி கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பு, பேஜ், மான்யுமென்ட் வேலி, கேன்யன் டி ஷே என்று போகும். வேகஸ் திரும்பிச் சேர இரண்டுமே ஏறக்குறைய ஆயிரம் மைல். இரண்டையும் ஒரே வாரத்தில் திணித்தால் பாறையைவிட டேஷ்போர்டைத்தான் அதிகம் பார்ப்பீர்கள்.

மேசா என்றால் ஸ்பானிய மொழியில் மேசை. போர்ச்சுகீசியர் வழியாக நமக்கு வந்த 'மேசை'யும் அதே சொல்தான். மேலே கெட்டியான பாறைப் பலகை, அடியில் எளிதில் கரையும் மென்பாறை. அடிப்பாறை அரிக்கப்பட்டதும் மேல்பலகையின் ஓரம் செங்குத்தாக உடைந்து விழும். அப்படி உடைந்து உடைந்து அகலம் சுருங்கினால் அது பியூட், இன்னும் மெலிந்தால் வெறும் தூண். இரண்டு வழிகளுக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. வடக்கில் பெரும்பாலும் மேசையின் மேல் நின்று கீழே பார்க்கிறீர்கள். தெற்கில், மான்யுமென்ட் வேலியில், மேசையின் கால்மாட்டில் நின்று அண்ணாந்து பார்க்கிறீர்கள்.

வடக்கு வழி: சாலையே காட்சி

வேகஸிலிருந்து ஜயன் வாசலில் இருக்கும் ஸ்பிரிங்டேல் 160 மைல். யூட்டா எல்லை தாண்டியதும் கடிகாரத்தில் ஒரு மணி நேரம் போய்விடும், அதைக் கணக்கில் வையுங்கள். மார்ச் முதல் நவம்பர் வரை ஜயன் பள்ளத்தாக்குக்குள் சொந்தக் கார் போக முடியாது, ஷட்டில் பஸ்தான். பூங்காவின் பார்க்கிங் காலையிலேயே நிரம்பிவிடுவதால் ஸ்பிரிங்டேலில் தங்கி ஊர் ஷட்டிலில் வருவது நல்லது. ஏஞ்சல்ஸ் லேண்டிங் என்ற பாறை உச்சிக்கு ஏற 2022 முதல் குலுக்கல் முறையில் அனுமதி பெற வேண்டும். கிடைக்காவிட்டால் பெரிய இழப்பில்லை. ஒரு பக்கம் சங்கிலி, மறுபக்கம் அதலபாதாளம் என்று இருக்கும் அந்தப் பாதை எல்லோருக்கும் ஏற்றதல்ல.

பிரைஸ் 85 மைல் தள்ளி, எட்டாயிரம் அடிக்கு மேலே இருக்கிறது. விளிம்பில் நின்றால் ஆயிரக்கணக்கான செந்தூண்கள் தெரியும். ஆனால் நவாஹோ லூப், குயின்ஸ் கார்டன் பாதைகளில் இறங்கி நடந்தால்தான் பிரைஸ் முழுசாகக் கிடைக்கும். இறங்குவது சுலபம். திரும்பி ஏறும்போது, அந்த உயரத்தில் மூச்சு வாங்கும்.

இந்த வழியின் உச்சம் பூங்கா எதுவுமில்லை, நெடுஞ்சாலை 12தான். பிரைஸிலிருந்து, கேபிட்டல் ரீஃப் பக்கத்து ஊரான டோரி வரை சுமார் 115 மைல், நிற்காமல் ஓட்டினால் மூன்று மணி நேரம். அப்படி ஓட்டுவது பாவம். எஸ்கலான்டி ஊர் தாண்டிய சில மைல்களில் 'ஹெட் ஆஃப் த ராக்ஸ்' திருப்பத்தில் தரை திடீரென்று விழுந்து, வெளிர் மணற்பாறை அலை அலையாகப் பரவிக் கிடக்கும். அங்கே பிற்பகலில் வந்து சேருங்கள், கிழக்கே பார்க்கும் உங்கள் முதுகுக்குப் பின்னால் வெயில் இருக்கும். அடுத்து ஹாக்பேக். சாலை ஒரு பாறை முதுகின் மேலேயே ஓடுகிறது, இரண்டு பக்கமும் சரிவு, சில இடங்களில் தடுப்புச் சுவரே கிடையாது. உயரம் என்றால் பயப்படுபவர் ஸ்டியரிங்கை இன்னொருவரிடம் கொடுத்துவிடட்டும். பிறகு போல்டர் மலை, 9,600 அடி. பொழுது சாய்ந்தால் மான்கள் சாலைக்கு வரும், அதனால் இருட்டுவதற்குள் அதைத் தாண்டி டோரியில் இறங்கிவிட வேண்டும்.

டோரியிலிருந்து மோவாப் 150 மைல். அங்கிருந்து கேன்யன்லாண்ட்ஸின் 'ஐலண்ட் இன் த ஸ்கை' பகுதிக்குப் போனால், நீங்கள் நிற்பதே ஒரு மேசாவின் தலையில். ஆயிரம் அடிக்கு மேல் கீழே ஒயிட் ரிம் என்ற வெள்ளைப் பாறைத் திண்ணை, அதற்கும் கீழே ஆறுகள். மேசா ஆர்ச்சில் சூரியோதயம் பார்க்கக் கூட்டம் முண்டியடிக்கும். உதயமாகி ஒரு மணி நேரம் கழித்துப் போனாலும் வளைவின் அடிப்பக்கம் ஆரஞ்சாகவே ஒளிரும், இடமும் காலியாக இருக்கும். ஆர்ச்சஸ் பூங்காவில் டெலிகேட் ஆர்ச் நடை போக வர 3 மைல், வழியில் நிழலே இல்லை. 2022இல் இங்கே நேரம் குறித்த முன்பதிவு வந்தது. இந்த நடைமுறை ஆண்டுக்காண்டு மாறுவதால் கிளம்பும் முன் அந்த ஆண்டு நிலவரத்தைப் பூங்கா சேவையின் தளத்தில் பாருங்கள்.

தெற்கு வழி: கடிகாரமும் வழிகாட்டியும்

தெற்கில் பாதிக்கு மேல் நவாஹோ பூர்வகுடி மக்களின் நிலம். அவர்கள் மண், அவர்கள் சட்டம். மதுவுக்குத் தடை. தேசியப் பூங்கா ஆண்டு அட்டை மான்யுமென்ட் வேலியில் செல்லாது, ஆளுக்குத் தனிக் கட்டணம். பேஜ் அருகே குறுகிய பாறைப் பிளவாக இருக்கும் அன்டிலோப் கேன்யனுக்குள் நவாஹோ வழிகாட்டி இல்லாமல் நுழைய முடியாது. 1997 ஆகஸ்ட் 12இல் பல மைல் தொலைவில் பெய்த மழை வெள்ளமாகக் குறுகிய பிளவுக்குள் பாய்ந்து 11 பேர் இறந்தார்கள். தலைக்கு மேல் நீல வானம் தெரியும்போதே சுற்றுலாவை ரத்து செய்தால் கோபப்படாதீர்கள். வயதானவர்கள் உடன் வந்தால் அப்பர் அன்டிலோப், பிளவுக்குள் தரைமட்ட நடை. லோயரில் செங்குத்தான இரும்புப் படிகள் உண்டு.

இங்கே பலரை ஏமாற்றுவது நேரம். அரிசோனா கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை, அதற்குள் இருக்கும் நவாஹோ நாடு மாற்றுகிறது. கோடையில் பேஜில் 10 மணி என்றால் மான்யுமென்ட் வேலி பக்கத்து நவாஹோ ஊரான கயன்டாவில் 11. அன்டிலோப் நவாஹோ நிலம்தான், ஆனாலும் அங்கே சுற்றுலாக்கள் பேஜ் நேரத்தில் நடக்கின்றன. பக்கத்திலேயே யூட்டா எல்லை இருப்பதால் செல்போன் அந்தப் பக்கத்து டவரைப் பிடித்துக்கொண்டு தானாகவே ஒரு மணி நேரம் தாவிவிடும். போனில் தானியங்கி நேரத்தை அணைத்துவிட்டு அரிசோனா தலைநகர் ஃபீனிக்ஸின் நேரத்தைக் கையால் போட்டுவைப்பதுதான் வழி.

மான்யுமென்ட் வேலியில் 17 மைல் மண்சாலைச் சுற்று இருக்கிறது. பார்வையாளர் மையத்தை ஒட்டிய முதல் இறக்கம்தான் மோசம், குழியும் மேடுமாக இருக்கும். காய்ந்த நாளில் சாதாரண செடான் கார் மெதுவாகப் போய்வந்துவிடும். ஆனால் வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் மண்சாலையைத் தடுக்கின்றன, அங்கே அடிபட்டால் காப்பீடும் கைகொடுக்காது. நவாஹோ வழிகாட்டியின் திறந்த லாரியில் போவது மேல், தனி வண்டிகளுக்கு அனுமதியில்லாத பகுதிக்குள்ளும் கூட்டிப்போவார்கள். மிட்டன் பியூட்கள் மையத்துக்குக் கிழக்கே நிற்கின்றன. மாலையில் அவை சிவந்து எரியும், காலையில் கருநிழலாக நிற்கும். ஒரே ஒரு வேளைதான் கிடைக்கும் என்றால் மாலையை எடுங்கள்.

கேன்யன் டி ஷேயை விட்டுவிடுபவர்கள் அதிகம், அது தப்பு. நுழைவு இலவசம், விளிம்புச் சாலை முழுக்கத் தார், கடைசித் திருப்பத்தில் ஸ்பைடர் ராக் என்ற பாறைத் தூண். பள்ளத்தாக்குக்குள் இன்றும் நவாஹோ குடும்பங்கள் விவசாயம் செய்கின்றன, அதனால் கீழே இறங்க வழிகாட்டி வேண்டும்.

யாருக்கு எது

பெற்றோரைக் கூட்டிப்போகிறீர்கள், அரை மைலுக்கு மேல் நடக்க முடியாது என்றால் தெற்கு. காரிலிருந்து இருபது அடி நடந்தாலே காட்சி கிடைக்கும். பேஜ் அருகே ஆறு லாடம் போல வளையும் ஹார்ஸ்ஷூ பெண்ட் மட்டும் விதிவிலக்கு, வெயிலில் போக வர ஒன்றரை மைல். நடக்கத் தெம்பு இருந்தால், மே அல்லது செப்டம்பர் பிற்பாதி முதல் அக்டோபர் வரை விடுப்பும் கிடைத்தால், தயங்காமல் வடக்கு. நவம்பர் முதல் மார்ச் வரை போல்டர் மலையில் பனி, அப்போது தெற்குதான். கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பும் ஏழாயிரம் அடி என்பதால் அங்கும் பனி விழும், ஆனால் ஆண்டு முழுக்கத் திறந்திருக்கும்.

செலவில் 2026 ஜனவரி முதல் ஒரு புது விஷயம். அமெரிக்காவில் வசிக்காதவர்களிடம் பதினொரு பூங்காக்களில் வழக்கமான கட்டணத்துக்கு மேல் ஆளுக்கு 100 டாலர் வாங்குகிறார்கள். ஜயன், பிரைஸ், கிராண்ட் கேன்யன் மூன்றும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆர்ச்சஸ், கேன்யன்லாண்ட்ஸ், கேபிட்டல் ரீஃப் இல்லை. ஊரிலிருந்து வரும் இருவர் ஜயனும் பிரைஸும் பார்த்தாலே 400 டாலர் கூடுதல், அதற்கு 250 டாலர் ஆண்டு அட்டை லாபம். தெற்கில் கிராண்ட் கேன்யனை மட்டும் விட்டுவிட்டால் இந்தக் கூடுதல் கட்டணமே வராது.

இரண்டு வழிக்கும் பொதுவானவை சில. கார் எடுக்கும்போதே டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி இருக்கிறதா பாருங்கள், இப்போது பல கார்களில் வெறும் காற்றடிக்கும் பம்புதான் வைக்கிறார்கள். ஆளுக்கு நாளுக்கு நான்கு லிட்டர் தண்ணீர். சிக்னல் அடிக்கடி போகும், வரைபடத்தை முன்பே டவுன்லோடு செய்துகொள்ளுங்கள். பேஜிலிருந்து பிரைஸுக்கு வழி கேட்டால் மேப் சில சமயம் காட்டன்வுட் கேன்யன் சாலையைக் குறுக்குவழியாகக் காட்டும். அது 46 மைல் மண்சாலை. மழை பெய்தால் அதன் களிமண் சோப்பு மாதிரி வழுக்கும், நான்கு சக்கர இழுவை வண்டியும் சிக்கிக்கொள்ளும். யூட்டாவில் பம்பில் மலிவாகக் கிடைப்பது 85 ஆக்டேன் (பெட்ரோலின் தர எண்). உங்கள் கார் 87 கேட்டால் அடுத்த குழாயை எடுங்கள்.

இரண்டையும் இணைக்க

பத்து நாள் இருந்தால் டோரியிலிருந்து மோவாப் போகாமல் ஹேங்ஸ்வில்லில் டாங்க் நிரப்பி, 95, 261 சாலைகளில் தெற்கே மெக்சிகன் ஹாட் வாருங்கள். சுமார் 130 மைல், இடையில் பெட்ரோல் பங்க்கை நம்ப முடியாது. 261இல் சீடார் மேசாவின் விளிம்பு வந்ததும் தார் முடிந்து மோக்கி டக்வே தொடங்குகிறது. யுரேனியத் தாது லாரிகளுக்காக 1950களில் வெட்டியது. 3 மைல் சரளைக் கொண்டை ஊசி வளைவுகள், 11 சதவீதச் சரிவு, சுமார் 1,100 அடி இறக்கம். பெரிய ஆர்வி (வீட்டு வண்டி), டிரெய்லர் வேண்டாம். கியரை 'எல்'லில் (லோ கியர்) போட்டு, பிரேக்கைத் தொடர்ந்து அழுத்தாமல் விட்டு விட்டு மிதியுங்கள். ஏறிவரும் வண்டிக்கு அகலமான இடத்தில் ஒதுங்கி வழிவிடுங்கள். இறங்கத் தொடங்கும் முன் மேலேயே நின்று தெற்கே பாருங்கள், நாளை அண்ணாந்து பார்க்கப்போகும் மான்யுமென்ட் வேலி அடிவானத்தில் பொம்மை அளவில் தெரியும். மழை பெய்திருந்தாலோ, மண்சாலைக்கு வாடகை ஒப்பந்தம் இடம் தராவிட்டாலோ, 261இல் திரும்பாமல் 95இலேயே பிளாண்டிங் வரை போய், ப்ளஃப் வழியாகச் சுற்றி வாருங்கள். ஒரு மணி நேரம்தான் கூடும்.