இன்னொரு எட்டா, ஒற்றைப் பதினாறா? லேப்டாப்புக்கு ரேம் வாங்கும் முன்

பொங்கல் லீவுக்குப் புதுச்சேரி ஹாஸ்டலிலிருந்து கடலூர் வந்த அக்கா மகள், பையை இறக்கி வைத்த கையோடு லேப்டாப்பை என் முன்னால் வைத்தாள். "மாமா, ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ திறந்தா குரோம் தொங்குது. எமுலேட்டர் போட்டா எல்லாமே தொங்குது. புதுசு வாங்கணும்னு அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க." அவள் அண்ணன் 2022-ல் வாங்கிய மெஷின் அது. பதினோராம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் ஹார்டு டிஸ்குக்குப் பதில் வரும் சிப் டிஸ்க்). தூக்கிப் போடுகிற பொருளே இல்லை.

அதே வாரத்தில் இன்னும் இரண்டு லேப்டாப் என் மேசைக்கு வந்தன. ஒன்று மஞ்சக்குப்பத்தில் நான் நடத்தும் டிடிபி கடையில் ஓடுவது. நான்காம் தலைமுறை ஐ3. இன்னொன்று எதிர்வீட்டு டீச்சருடையது. தகடு மாதிரி மெல்லியது. மூன்றுக்கும் புகார் ஒன்றுதான்: "ஸ்லோ". ஆனால் மூன்றுக்கும் ஒரே வைத்தியம் பார்த்தால் இரண்டு பேரின் பணம் வீண்.

கடைக்குக் கிளம்பும் முன் வீட்டிலேயே ஐந்து நிமிடம் செலவழியுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் 'பெர்ஃபாமன்ஸ்', அதற்குள் 'மெமரி'. மொத்தம் எத்தனை ஸ்லாட் (ரேம் ஸ்டிக்கைச் செருகும் இடம்), எத்தனை நிரம்பியிருக்கிறது, ரேம் என்ன வேகத்தில் ஓடுகிறது என்பதெல்லாம் அங்கேயே இருக்கும். அக்கா மகளின் மெஷினில் இரண்டு ஸ்லாட்டில் ஒன்று காலி, வேகம் 3200. டீச்சரின் மெஷினிலோ 'ஃபார்ம் ஃபேக்டர்' என்ற இடத்தில் 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருந்தது. ரேம் மதர்போர்டிலேயே பற்றவைத்து வந்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம்.

அதே பக்கத்தில் 'கமிட்டட்' என்று ஓர் எண்ணும் இருக்கும். பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். திறந்து கிடக்கிற புரோகிராம்கள் எல்லாம் சேர்ந்து கேட்டு வைத்திருக்கிற மெமரியின் அளவு அது. அக்கா மகள் வழக்கமாகத் திறக்கும் எல்லாவற்றையும் திறக்கச் சொல்லிவிட்டுப் பார்த்தேன். கையில் இருப்பது 7.8 ஜிபி, கேட்டு வைத்திருப்பது 13-க்கு மேல். இடம் போதாதபோது விண்டோஸ் ரேமில் இருப்பதைச் சுருக்கிப் பார்க்கும், அதுவும் போதாவிட்டால் டிஸ்கில் எழுதும், பிறகு தேவைப்படும்போது திரும்பப் படிக்கும். அவள் "தொங்குது" என்று சொன்னது இந்தப் போக்குவரத்தைத்தான். ஆக, அவளுக்கு உண்மையிலேயே ரேம் தேவை.

இந்த எண் உங்கள் 8 ஜிபி மெஷினில் ஐந்து, ஆறு என்று நின்றால் ரேம் போட்டுப் பயனில்லை. கோளாறு வேறெங்கோ இருக்கிறது.

எட்டோடு எட்டு, அல்லது எடுத்துவிட்டுப் பதினாறு

சரி, 16 ஜிபி ஆக்குவது என்று முடிவாயிற்று. இருக்கிற 8 ஜிபி ஸ்டிக்கோடு இன்னொரு 8 சேர்க்கலாம். இல்லையென்றால் பழையதைக் கழற்றிவிட்டு ஒற்றை 16 ஜிபி ஸ்டிக் போடலாம். மொத்தம் ஒன்றுதானே என்று தோன்றும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

ஒரு ஸ்டிக் பிராசஸரோடு 64 பிட் அகலத்தில் பேசுகிறது, அதாவது ஒரு தடவைக்கு 8 பைட். 3200 வேக ஸ்டிக் என்றால் நொடிக்கு 3200 மில்லியன் தடவை. அதை எட்டால் பெருக்குங்கள்: நொடிக்கு 25.6 ஜிபி. இரண்டு ஸ்லாட்டிலும் ஸ்டிக் இருந்தால் இரண்டு வழியிலும் ஒரே நேரத்தில் தரவு போகும், 51.2 ஜிபி. டூயல் சேனல் என்பது இதுதான். வேர்டு, எக்செல் வேலையில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில்தான் இது நன்றாகத் தெரியும். காரணம், பிராசஸருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸுக்குச் சொந்த மெமரி கிடையாது. நாம் போடும் ரேமைத்தான் அதுவும் பங்குபோட்டுக்கொள்கிறது.

அக்கா மகளின் மெஷினில் இதற்குக் கையிலேயே சாட்சி இருந்தது. அந்த ஐ5-ல் இருப்பது ஐரிஸ் எக்ஸ்இ கிராஃபிக்ஸ். ஆனால் டாஸ்க் மேனேஜரில் ஜிபியு (கிராஃபிக்ஸ் சிப்) பெயர் 'யுஎச்டி கிராஃபிக்ஸ்' என்று இருந்தது. ஒற்றை ஸ்டிக்கில் ஓடும்போது இன்டெல் அதை ஐரிஸ் என்று காட்டுவதில்லை. அந்தப் பெயருக்கு இரண்டு சேனலும் வேண்டும். காசு கொடுத்து வாங்கிய கிராஃபிக்ஸ் மூன்று வருடத்துக்கு மேல் பாதி வழியில் நின்றிருக்கிறது.

அதனால் என் தேர்வு எட்டோடு எட்டு. செலவும் குறைவு, பயனும் கூட. ஒற்றைப் பதினாறு வாங்குவதற்கு ஒரே ஒரு நியாயம்தான் உண்டு: சில மாதத்தில் இன்னொரு பதினாறு சேர்த்து 32 ஆக்கப்போகிறேன் என்ற உறுதி. வீடியோ எடிட்டிங் தொழிலாகச் செய்பவர்கள், ஒரு லேப்டாப்புக்குள் இரண்டு மூன்று வர்ச்சுவல் மெஷின் ஓட்டுபவர்கள் அப்படிப் போகலாம். இல்லை, எட்டை விட்டுவைத்துப் பக்கத்தில் 16 போட்டு 24 ஆக்கலாம். எட்டும் எட்டும் ஜோடி சேர்ந்து 16 ஜிபி டூயல் சேனலில் ஓடும், மிச்ச 8 ஒற்றைச் சேனலில் ஓடும். ஜோடி அளவு சமமாக இருந்தால்தான் வேலை செய்யும் என்று சொல்வதை நம்பி நல்ல ஸ்டிக்கைக் கழற்றிப் போடாதீர்கள்.

பிராண்டு வேறாக இருக்கலாமா? இருக்கலாம். 3200-உம் 2666-உம் சேர்ந்தால் இரண்டும் 2666-ல் ஓடும், அவ்வளவுதான். அதனால் பிராண்டை விட்டுவிட்டு, ரேமின் தலைமுறையையும் (டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5) வேகத்தையும் பார்த்து வாங்குங்கள். பளபளவென்று கேமிங் என்று எழுதிய ஸ்டிக்குக்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். பெரும்பாலான லேப்டாப்பில் அந்தக் கூடுதல் வேகத்தைத் திறந்துவிடும் வசதி பயாஸிலேயே (விண்டோஸுக்கு முன் ஓடும் அடிப்படை மென்பொருள்) இருக்காது.

டிடிஆர்5 வந்த புது லேப்டாப் வைத்திருப்பவர்களிடம் "ஒரு ஸ்டிக்கே டூயல் சேனல் மாதிரிதான்" என்று சிலர் சொல்கிறார்கள். அந்த ஸ்டிக்கின் 64 பிட் இரண்டு 32-ஆகப் பிரிந்திருப்பது உண்மை. மொத்த அகலம் கூடவில்லை. அங்கேயும் இரண்டு ஸ்டிக்தான் நல்லது.

ரேமா, எஸ்எஸ்டியா

கடை லேப்டாப்பின் கதை வேறு. 4 ஜிபி ரேம், பழைய சுழலும் ஹார்டு டிஸ்க். காலையில் ஆன் செய்துவிட்டு வாசல் கூட்டி, சாமி படத்துக்குப் பூ வைத்துவிட்டு வந்தாலும் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். இதற்கு முதலில் ரேம் போட்டால் பணத்துக்கேற்ற பலன் கிடைக்காது. லேப்டாப் ஹார்டு டிஸ்க் நொடிக்கு ஏறத்தாழ 100 எம்பி படிக்கும்; அதுவும் தரவு வரிசையாக இருந்தால்தான். சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன ஃபைல்களைத் தேடும்போது இன்னும் எவ்வளவோ கீழே இறங்கும். அதே இடத்தில், அதே சாட்டா இணைப்பில் பொருந்தும் எஸ்எஸ்டி 500 எம்பியைத் தாண்டும், தேடுகிற நேரமும் கிட்டத்தட்ட இல்லை. ரேம் போதாமல் டிஸ்கில் எழுதிப் படிக்க நேர்ந்தாலும் எஸ்எஸ்டி இருந்தால் அந்த வலி பெருமளவு குறைகிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. நான்காம் தலைமுறை இன்டெலுக்கு விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகக் கிடையாது. இந்த மெஷினுக்கு இனி அதிக ஆயுள் இல்லை என்றால், போடும் காசு அதோடு போகக்கூடாது. எஸ்எஸ்டியை நாளைக்குக் கழற்றி வேறு லேப்டாப்பில் மாட்டலாம், யுஎஸ்பி கேஸில் போட்டு பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாம். இதன் ரேமோ புது மெஷின் எதிலும் ஏறாது. அதனால் எஸ்எஸ்டி மட்டும் வாங்கினேன்.

இதற்கு ரேம் வாங்கிப் பார்க்காமல் இல்லை. இரண்டு வருடம் முன்பு ஒரு கடையில் 8 ஜிபி டிடிஆர்3 ஸ்டிக் வாங்கி வந்தேன். ஸ்லாட்டில் அழகாக உட்கார்ந்தது. ஆன் செய்தால் கறுப்புத் திரை. கேப்ஸ் லாக் விளக்கு மட்டும் மினுக்கியது. ஒரு மணி நேரம் கழற்றி மாட்டிய பிறகுதான் லேபிளை நிதானமாகப் படித்தேன். 'பிசி3' என்று இருந்தது. இதற்கு வேண்டியது 'பிசி3எல்'. முன்னது 1.5 வோல்ட், பின்னது 1.35. இரண்டுக்கும் 204 பின் (ஸ்லாட்டைத் தொடும் முனைகள்), விளிம்பில் வெட்டிய பள்ளமும் ஒரே இடம், அதனால் தவறானதும் உள்ளே போய்விடுகிறது. கவர் பிரித்தாயிற்று, மாற்றித் தர மாட்டோம் என்றார்கள். அந்தப் பணம் போனது இன்றும் உறுத்துகிறது. டிடிஆர்4, டிடிஆர்5-ல் இந்தக் குழப்பம் கிடையாது. 260 பின், 262 பின் என்று ஒன்றுக்கு ஒன்று பள்ளம் மாறியிருக்கும். ஒன்று மற்றொன்றில் ஏறவே ஏறாது.

டீச்சரின் லேப்டாப்புக்கு என்னால் செய்ய முடிந்தது குறைவு. பற்றவைத்த 8 ஜிபியை மாற்றித் தருகிறேன் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். சிப்பைச் சூடாக்கி எடுத்துப் புதிது வைக்கும் வேலை அது. அன்றாடம் ஓட வேண்டிய மெஷினில் அந்தச் சோதனைக்கு நான் சம்மதிக்க மாட்டேன். தானாகத் தொடங்கும் புரோகிராம்களை நிறுத்தி, பயன்படுத்தாத டேப்களைத் தூங்கவைக்கும் வசதியை பிரவுசரில் போட்டுக் கொடுத்தேன். அடுத்த முறை வாங்கும்போது ஸ்லாட் இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் ஆரம்பத்திலேயே 16 வாங்குங்கள் டீச்சர் என்றேன்.

கடலூரா, பாண்டியா, ஆன்லைனா

"பாண்டியில் வரி குறைவு, அங்கேயே வாங்கு" என்று எங்கள் வீட்டில் இன்னும் சொல்கிறார்கள். ஒரு காலத்தில் அது உண்மை. டிவி, ஃபிரிட்ஜ் வாங்க எல்லையிலிருக்கும் ஆல்பேட்டை தாண்டிப் போன குடும்பங்கள் கடலூரில் ஏராளம். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததோடு அந்த லாபம் போய்விட்டது. இப்போது ரேமுக்கு இரண்டு பக்கமும் 18 சதவீதம்தான். பாண்டிக்குப் போவதில் மிச்சம் இருக்கும் நன்மை, கையில் எடுத்துப் பார்க்க நாலு வகை கூடுதலாகக் கிடைக்கும் என்பது. பஸ் செலவையும் அரை நாளையும் சேர்த்துப் பார்த்தால் திருப்பாதிரிப்புலியூரில் தெரிந்த கடையே எனக்குப் போதும், பில் கொடுத்தால்.

விலைதான் இப்போது பெரிய தலைவலி. 2025 கடைசியில் ஏறத் தொடங்கி, சில மாதத்துக்குள் இரண்டு மடங்குக்கும் மேல் போய்விட்டது. உலகத்து ரேம் சிப்பில் பெரும்பகுதியைச் செய்வது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று நிறுவனங்கள். ஏஐ சர்வர்களுக்கான மெமரியில் லாபம் அதிகம் என்று உற்பத்தியை அந்தப் பக்கம் திருப்பிவிட்டார்கள். 2025 டிசம்பரில் மைக்ரான், க்ரூஷியல் என்ற பெயரில் நமக்கு விற்றுவந்ததையே நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. இந்த நிலைமையில் கையிலிருக்கும் 8 ஜிபி ஸ்டிக்கைக் கழற்றி மேசை டிராயரில் போடுவது மனசுக்கு ஒப்பவில்லை.

அதனால்தான் பழைய ஸ்டிக்கையும் நான் ஒதுக்குவதில்லை. ரேமில் சுழலும் பாகம் எதுவும் இல்லை. வேறு லேப்டாப்பிலிருந்து கழற்றிய சாம்சங், ஹைனிக்ஸ் ஸ்டிக், லேபிள் கிழியாமல், ஒரு வாரம் மாற்றித் தரும் உறுதியோடு கிடைத்தால், பெயர் தெரியாத புது ஸ்டிக்கைவிட அதையே எடுப்பேன். ஆன்லைனில் என்றால் விற்பவர் யார் என்று பாருங்கள். தயாரித்த நிறுவனத்தின் வாரன்டி நம் பெயரில் வருகிறதா என்றும் பாருங்கள்.

அக்கா மகளுக்கு எடுத்தது அப்படிப்பட்ட ஒரு 3200 ஹைனிக்ஸ் ஸ்டிக்தான். மாட்டுவதை அவளையே செய்யச் சொன்னேன். சார்ஜரை எடுத்தாள், அடி மூடியைப் பழைய ஏடிஎம் கார்டால் நெம்பித் திறந்தாள், முதல் வேலையாக பேட்டரி ஒயரைக் கழற்றினாள். ஸ்டிக்கைச் சாய்வாகச் செருகி, தங்க நிறப் பட்டை கிட்டத்தட்ட மறையும் வரை தள்ளி, பிறகு கீழே அழுத்த, இரண்டு ஓரத்துக் கிளிப்பும் 'டிக்' என்று பிடித்தன. தேவனாம்பட்டினம் பக்கம் கடலை ஒட்டிய வீடுகளின் லேப்டாப் என்றால், உப்புக்காற்றுக்கு அந்தப் பட்டையில் அழுக்குப் படிந்திருக்கும். ரப்பரால் தேய்ப்பதைவிட ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைப்பது நல்லது.

ஆன் செய்ததும் திரை கொஞ்ச நேரம் கறுப்பாகவே நின்றது. "மாமா, போச்சா?" என்றாள். புது ரேமை மெஷின் பழகிக்கொள்ள எடுக்கும் நேரம் அது. டிடிஆர்5 என்றால் இன்னும் கூட ஆகும், பயந்து பவரை அணைக்கக் கூடாது. விண்டோஸ் வந்தது. 15.7 ஜிபி. கீழே ஜிபியு பெயர் 'ஐரிஸ் எக்ஸ்இ' என்று மாறியிருந்தது. அவள் அதைப் போனில் படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினாள்.

ராத்திரி, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 புரோகிராமை பென் டிரைவில் போட்டு ஓடவிட்டுப் படுத்தோம். பழைய ஸ்டிக் வாங்கினால் இதைச் செய்யாமல் விடக்கூடாது. மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் தெரிந்துவிட வேண்டும். காலையில் நாலு சுற்றும் முடிந்து, பிழை பூஜ்யம் என்று திரையில் நின்றது. அதற்குப் பிறகுதான் சும்மா பொருத்தி வைத்திருந்த அடி மூடிக்கு ஸ்குரூ போட்டோம்.