பழைய பலகை வீட்டைப் புதுப்பித்த தச்சர்கள்: ஒரு மதிப்பீடு

மெல்பேர்ன் நகரின் வடபகுதியில், 1910களில் கட்டப்பட்ட எங்கள் பலகை வீட்டைப் புதுப்பிக்க, பழைய வீடுகளின் வேலையை மட்டுமே எடுத்துச் செய்யும் சிறிய தச்சுக் குழு ஒன்றை அமர்த்தினோம். முன்னதாக வந்து பார்த்த ஒப்பந்ததாரர்கள் இருவரும், வெளிச்சுவரின் வெதர்போர்டுகள் (ஒன்றின்மேல் ஒன்று படிய அடித்த மரப்பலகைகள்) முழுவதையும் கழற்றிவிட்டு சிமெண்ட் பலகை அடித்துவிடலாம் என்றே கூறினர். இவர்களோ ஒவ்வொரு பலகையையும் ஊசியால் குத்திப் பார்த்து, மழைச் சாரல் அடிக்கும் மேற்குப் பக்கத்திலும் தரையை ஒட்டிய வரிசையிலுமாக முப்பத்தொரு பலகைகளே இற்றுப்போயிருக்கின்றன என்று சாக்பீஸால் குறியிட்டுக் காட்டினர்.

அவற்றுக்கு ஈடான பலகை கிடைப்பது எளிதன்று. ஆஸ்திரேலியக் கட்டுமானத் துறை 1970களில் அங்குலத்தைக் கைவிட்டு மெட்ரிக் அளவுக்கு மாறியதால், இன்று கடையில் கிடைக்கும் பலகையைப் பழையதன் அருகே அடித்தால் கோடு சேராமல் தனியாகத் தெரியும். ஆகவே பழைய துண்டு ஒன்றை மர ஆலைக்குக் கொண்டுசென்று, அதே அகலத்திலும் விளிம்பு வடிவத்திலும் இழைத்து வாங்கி வந்தனர். பலகைகளைத் தொடும் முன்பே, வீட்டைத் தாங்கும் இற்ற ரெட் கம் (ஒருவகை யூகலிப்டஸ்) மரக் குற்றிகளுக்குப் பதிலாகக் கான்கிரீட் குற்றிகளை நட்டுத் தளத்தை மட்டப்படுத்தியதும் சரியான முறையே. வரிசை மாறியிருந்தால் புதிதாகப் பூசிய உட்சுவர்கள் விரிசல் விட்டிருக்கும்.

அவர்களுடைய கைத்திறனை ஜன்னல்களில்தான் முழுமையாகக் கண்டேன். மேலும் கீழும் நகரும் அந்த ஜன்னல்களின் சட்டத்துக்குள், கப்பியில் ஓடும் கயிற்றின் முனையில் இரும்பு எடைகள் தொங்குகின்றன. பல ஆண்டுகளாகப் பெயிண்ட் ஒட்டி அசையாதிருந்த ஏழு ஜன்னல்களையும் கழற்றி, கயிறு மாற்றி, இற்ற அடிச்சட்டத்தில் மட்டும் புதுமரம் ஒட்டித் திரும்பப் பொருத்தினர். இப்போது என் மகளே ஒரு கையால் அவற்றைத் தூக்கிவிடுகிறாள். இரட்டைக் கண்ணாடி போட விரும்பினோம். கண்ணாடியின் பாரம் கூடினால் எடைகளையும் மாற்ற வேண்டும், மெல்லிய பழைய சட்டமும் தாங்காது என்று அவர்கள் விளக்கியபின் அதைக் கைவிட்டோம்.

1970க்கு முந்தைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், உலர்வாகத் தேய்க்காமல், நிலத்தில் பிளாஸ்டிக் விரித்து, ஈரப்படுத்தியே சுரண்டினர். எங்கள் தெரு மரபுப் பாதுகாப்பு வரம்புக்குள் வருவதால் முகப்பு மாற்றங்களுக்குக் கவுன்சிலின் அனுமதி தேவைப்பட்டது. அதற்கான வரைபடங்களையும் அவர்களே தயாரித்தனர்.

குறைகளும் உண்டு. எட்டு வாரம் என்று சொன்ன வேலை பதினான்கு வாரம் நீண்டது. தாமதத்தை நாங்கள் கேட்டால் அன்றி அவர்கள் சொல்லவில்லை. பின்புறம் வெட்டிப் பொருத்திய சில பலகைகளின் முனைகளில் பிரைமர் பூச மறந்ததை நான் கண்டுபிடித்துச் சுட்டிக்காட்ட வேண்டியிருந்தது. நீர் முதலில் ஏறுவது அந்த முனைகள் வழியாகத்தான் என்பதால் இது சிறு பிழையன்று. மறுநாளே கழற்றிச் சரிசெய்தனர். கட்டணமும் மற்றவர்கள் கேட்டதைவிட அதிகம். ஆயினும் அடுத்த ஆண்டு தாழ்வாரத்தின் மர வேலைப்பாடுகளையும் இவர்களிடமே ஒப்படைக்கவிருக்கிறோம். இம்முறை முடிக்கும் தேதியை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவோம்.